பம்புக்கு எண்ணெய்

என் அண்ணன் சங்கிலிமுத்து லாரி ஓட்டினார். தாயில்பட்டியில் எங்களுடன் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிக்குள் வேலைக்குப் போனார்கள். அவர் கம்பெனி வாசலில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போனார். போன மாதம் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். காரியம் முடிந்து, வந்தவர்களும் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

வெம்பக்கோட்டை கனகசபாபதி முதலாளியிடம் அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர். முதலாளிக்கு நிலமும் ஒரு பழைய லாரியும் இருந்தன. தோட்டத்து மோட்டாருக்காகப் பேரலில் வரும் டீசலையே லாரிக்கும் ஊற்றச் சொல்வார். அதில் மண்ணெண்ணெய் கலந்திருப்பது அண்ணனுக்கு வாடையிலேயே தெரியும். மண்ணெண்ணெயில் வழவழப்பு கிடையாது. டீசலை என்ஜினுக்குத் தள்ளுகிற பம்பு, அந்த வழவழப்பு இல்லாவிட்டால் உள்ளுக்குள் உரசித் தேய்ந்துபோகும். அதனால் டேங்க் நிரப்பும்போதெல்லாம், மொபெட்டுக்குப் போடும் ஆயிலை வாங்கி அதில் கொஞ்சம் ஊற்றுவார்.

"தலைக்கு எண்ணெ வைக்காம நீ காலேஜுக்குப் போவியா? பம்பும் அப்படித்தாம்மா" என்பார்.

பழைய லாரி அப்படியே ஓடியது. அவர் எண்ணெய் ஊற்றும் கதை சிவகாசி லாரி செட்டுகளில் எல்லாருக்கும் தெரியும். கேலியும் செய்வார்கள்.

2007இல் முதலாளி புது லாரி எடுத்தார். அதில் டீசலை அளந்து விடுவதற்குக் கம்ப்யூட்டர் உண்டு. டீசலைத் தவிர ஒரு சொட்டு வேறெதுவும் டேங்குக்குள் போகக்கூடாது என்று ஷோரூம் மெக்கானிக் சொன்னார். முதலாளி எல்லார் முன்னாலும் அண்ணனைப் பார்த்தார்.

"ஏலே சங்கிலி, கேட்டியா? ஒன் எண்ணெ வைத்தியமெல்லாம் இதுல கூடாது. ஊத்துனன்னு தெரிஞ்சது, அன்னைக்கே எறக்கி விட்டுருவேன்."

"ஊத்தமாட்டேன் மொதலாளி. ஆனா அந்தப் பேரல் டீசல் இதுக்கு வேணாம். பங்க்குலயே போட்டுக்கிடுவோம்."

"வண்டிக்கு நீ மொதலாளியா, நான் மொதலாளியா?"

அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த லாரி மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. வீட்டுப் பக்கம் நிறுத்தினால் சோற்றையும் கேபினுக்குள் கொண்டுபோய்த்தான் சாப்பிடுவார். "பாயையும் எடுத்துட்டுப் போயிருங்க, அங்கனயே குடும்பம் நடத்துங்க" என்பார் மதினி வள்ளித்தாய். "நீயும் வாரியா, எடம் இருக்கு" என்பார் அண்ணன்.

புது லாரிக்கும் பேரல் டீசல்தான் வந்தது. ஆனாலும் அவர் எண்ணெய் ஊற்றவில்லை. புது டப்பா ஒன்றை வாங்கி, சீல் உடைக்காமல் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "அது இல்லாம ஏறி ஒக்காந்தா என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

தீபாவளி சீசனில் பட்டாசு லோடோடு போகும்போது மதுரை தாண்டி வண்டி நின்றுவிட்டது. லோடு வேறு லாரிக்கு மாறியது. புது லாரியை இழுத்து வந்து ஷோரூமில் பம்பைப் பிரித்தார்கள். உள்ளே உரசி, இரும்புத்தூள் பொடிப்பொடியாகக் கிடந்தது. டீசலில் யாரோ என்னத்தையோ கலந்திருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். முதலாளி நேரே கேபினில் ஏறி, சீட்டுக்கு அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்தார்.

"இது என்னலே?"

அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். மூடியை அவர் பார்க்கவில்லை. சாவியைக் கேட்டார். அண்ணன் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

மதினிதான் கத்தினார். "சீலு ஒடைக்கலன்னு காட்டிருக்கலாம்லா? வாயில என்ன, கொளுக்கட்டையா வச்சிருந்தீக?"

"ஊத்துனியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாகன்னா காட்டிருப்பேன். கேக்கலயே."

பிறகு ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பொம்பளையாட்களைக் கூட்டிப்போகும் வேனை ஓட்டினார். எண்ணெய் ஊற்றிப் புது லாரியைக் கெடுத்தவர் என்ற பேச்சு, அந்த வேனுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

புது லாரிக்கு ராக்கப்பன் டிரைவரானார். அடுத்த சீசனுக்குள் மாற்றிய பம்பும் போய்விட்டது. இந்த முறை மெக்கானிக் டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் டீசலைப் பிடித்து முகர்ந்து பார்த்து, இதில் பாதி மண்ணெண்ணெய் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றோடு பேரல் டீசல் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, மொதலாளி ஒங்கள வரச் சொன்னாக. வண்டிய நீங்களே எடுத்துக்கிடணுமாம்."

"ஒங்கிட்டயா சொல்லி விட்டாரு?"

"ஆமா."

"அப்ப நீ?"

"எங்கனயாச்சும் பாத்துக்கிட வேண்டியதுதான்."

மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றார். அண்ணன் சரி என்று சொல்ல வேண்டும் என்று மதினியும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

"என்னையும் கேக்காம எறக்குனாரு. இப்ப ஒன்னையும் கேக்காம எறக்குறாரு" என்றார் அண்ணன். "நீயே ஓட்டு ராக்கப்பா. நான் வரலன்னு சொல்லிரு."

"கோவிச்சுக்கிடுவாக அண்ணாச்சி."

"கோவிச்சுக்கிடட்டும். காப்பி குடி."

ராக்கப்பன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் மதினி சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மறுநாள் வழக்கம்போல எழுந்து வேனை எடுத்தார்.