விடுதிச் சாமான் வாங்கப் புதுக்கோட்டையில் இரண்டு நாள்

பெண்பிள்ளையை வெளியூர் விடுதியில் விட்டுப் படிக்க வைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அபூர்வம். என்ன சாமான் வேண்டும், எந்தத் தெருவில் வாங்கலாம், குடும்பத்தோடு போனால் எங்கே தங்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே இரண்டு மைல். என் மூத்த மகள் மீனாள் அறந்தாங்கியில் என் தங்கை வீட்டில் இருந்து படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். புதுக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடமும் கிடைத்தது. ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் விடுதியில் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை கிளம்பினால் வெள்ளிக்கிழமைச் சந்தையையும் பார்த்துவிடலாம், கடைவீதியிலும் வாங்க வேண்டியதை வாங்கிவிடலாம் என்று நானும் எங்கள் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம்.

புறப்படுவதற்கு முதல் நாள் என் நாத்தனார் வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக்காரருக்கு மூத்த அக்காள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் அக்காள் வார்த்தைக்கு எங்கள் வீட்டுக்காரர் எதிர்வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. "நானும் வாரேன், எனக்கும் நாலு சாமான் வாங்க வேண்டியிருக்கு" என்றார் நாத்தனார். அவருக்கு ஒரே மகன். துரைராசு என்று பெயர், காடு கழனியைப் பார்த்துக்கொள்கிறான். மீனாளுக்கு முறைமாப்பிள்ளை. பிள்ளை நல்ல பிள்ளைதான், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதே பேச்சை முடித்துவிட்டால் பயிற்சியாவது, விடுதியாவது! நிச்சயமான பெண்ணை வெளியூரில் விட்டுவைக்க எங்கள் வகையறாவில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே நாத்தனார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது வெறும் சாமானுக்காக என்று நான் நம்பவில்லை.

வியாழக்கிழமை காலை ஆவுடையார்கோவிலில் ஆறு மணி பஸ். அறந்தாங்கிக்கு ஒன்பது மைல், ஆளுக்கு முப்பது நயாபைசா. நாத்தனார் இன்னும் அணாக் கணக்கிலேயே இருப்பவர், கண்டக்டரிடம் சில்லறைக்கு வாதாடி பஸ் முழுவதையும் சிரிக்க வைத்தார். அறந்தாங்கியில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அங்கிருந்து புதுக்கோட்டை இருபது மைல், எழுபது நயாபைசா. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் பெண்கள் உட்காராதீர்கள். இஞ்சின் சூட்டில் கால் வெந்துபோகும். பத்து மணிக்கெல்லாம் புதுக்கோட்டையில் இறங்கிவிட்டோம்.

முதலில் ஒரு சத்திரத்துக்குப் போனோம். ஆனி முகூர்த்தம், கல்யாணக் கூட்டம் நிரம்பி வழிந்தது. காவல்காரர் வாசலிலேயே கையை விரித்துவிட்டார். பிறகு பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு மாடி லாட்ஜில் விசாரித்தோம். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், நாளுக்கு இரண்டு ரூபாய். பெண்கள் இருப்பதால் மூலை அறையாகக் கொடுத்தார்கள். அடுப்பு மூட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அறையைப் பார்க்கும்போது கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், குழாயைத் திறந்து பாருங்கள். நாங்கள் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் திறந்தோம். தண்ணீர் காலை ஐந்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும்தான் வரும் என்று அப்புறம் சொன்னார்கள். இரண்டு நாளும் கீழே கிணற்றில் இறைத்தது எங்கள் வீட்டுக்காரர்தான்.

கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கீழ ராஜ வீதிக்குப் போனோம். இந்த ஊர் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். வழி தவறினாலும் இரண்டு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். தகரப் பெட்டி, வாளி, தட்டு, தம்ளர் எல்லாம் ஒரே வரிசைக் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டிக்குப் பன்னிரண்டு ரூபாய் சொன்னார்கள், ஒன்பதுக்குக் கொடுத்தார்கள். பேரம் பேசியது நாத்தனார். அந்த விஷயத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கடைக்காரர் நான்கு முறை பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார், நான்கு முறையும் அவரே வெளியே கொண்டுவந்தார். பச்சைப் பெயிண்டில் ரோஜாப்பூ போட்ட பெட்டி. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மீனாள் பூட்டை மட்டும் பூட்டித் திறந்து பார்த்தாள். பகலெல்லாம் அவள் பேசியதே பத்து வார்த்தை இருக்காது.

மறுநாள் விடிந்ததும் சந்தைப்பேட்டை. ஆறரை மணிக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் கூட்டமும் விலையும் சேர்ந்தே ஏறும். பாய், தலையணை, சீப்பு, சோப்புப்பெட்டி எல்லாம் அங்கே கடைவீதியைவிட மலிவு. கருவாட்டுக் கடைகளில் எங்கள் கடற்கரைப் பக்கத்து ராவுத்தர் ஒருவர் அடையாளம் கண்டு கூப்பிட்டு, மீனாளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார். அவர் பேத்தியும் படிக்கிறாளாம். பொருளை விற்பதைவிட்டுப் பேச்சிலேயே நின்றுவிட்டார், அத்தனை சந்தோஷம் அவருக்கு.

நாத்தனார் தனியாக ஒரு சுற்று போய்வந்தார். திரும்பி வந்தபோது அவர் பையை வாங்கிப் பிடித்தேன். குண்டு மஞ்சள் ஐந்து, கொட்டைப்பாக்கு, ஒரு கவுளி வெற்றிலை, குங்குமம், தேங்காய் மூன்று. சமையலுக்கு ஒரு மிளகாய்கூட இல்லை. எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பரிசத் தட்டில் வைக்கிற சாமான் அத்தனையும் அதில் இருந்தன. அன்று ஆனிக் கடைசி வெள்ளி. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் பேச முடியாது.

காப்பி கிளப்பில் நாத்தனார் கை கழுவப் போன நேரத்தில் எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று. அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டு, அக்காள் ஆசைப்படுகிறது, பிள்ளையும் மறுக்கவில்லை என்றார். எந்தப் பிள்ளை மறுக்கவில்லை, யார் கேட்டார்கள் என்று கேட்டேன். அதற்குள் நாத்தனார் வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இட்லியை அப்படியே வைத்துவிட்டேன். அந்தக் கிளப்பில் இட்லி நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்வதற்கில்லை.

பதினோரு மணிக்கு ஜவுளிக்கடை. விடுதிக்கு வெள்ளைச் சேலை இரண்டு வேண்டும், கரை எந்த நிறமானாலும் சரி. நானும் மீனாளும் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் கடையின் மறுகோடியில் முதலாளியோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் முதலாளி எழுந்து வந்தார். அவர் கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் அரக்குப் பட்டு, மேலே நாத்தனார் வாங்கிய மஞ்சள், வெற்றிலை, தேங்காய்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வகையறாவில் பெண் எழுந்து நின்று முந்தானையை ஏந்தி அந்தச் சேலையை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் ஊர் கூடவும் வேண்டாம், ஓலை எழுதவும் வேண்டாம். முந்தானையில் விழுந்ததைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவர் குடும்பத்தைச் சபித்த மாதிரி. வீட்டில் வைத்துக் கேட்டால் நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் நாத்தனார் ஊர்பேர் தெரியாத மனிதர்கள் நடுவில் வைத்துக்கொண்டார். கடைக்காரருக்குப் பாவம், இதெல்லாம் என்ன தெரியும்? கல்யாண வீட்டார் என்று நினைத்து முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"ஏந்திக்க ஆத்தா, நல்ல நேரம் போவுது" என்றார் நாத்தனார்.

எங்கள் வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார். மீனாள் எழுந்தாள். அவள் கை தாவணித் தலைப்புக்குப் போவதை நான் பார்த்தேன். எனக்கும் பதினான்கு வயதில் இப்படித்தான் ஒரு தட்டு வந்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த வாரம். என் ஆத்தா எனக்குப் பின்னால்தான் நின்றார், ஆனால் முன்னால் வரவில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. மீனாளுக்கு முன்னால் போய் நின்று என் முந்தானையை விரித்து ஏந்தினேன். "எனக்கா மதினி எடுத்தீங்க? இத்தனை வருசத்துல இப்பத்தான் ஒங்களுக்கு என் மேல மனசு வந்துச்சு" என்று சத்தமாகவே சொன்னேன். முதலாளி ஒரு கணம் திகைத்தார். பிறகு, நாற்பது வயதுக்காரிக்கு அரக்குப் பட்டு வேண்டியிருக்கிறது போலும் என்று நினைத்தாரோ என்னவோ, தாம்பாளத்தைச் சரித்துச் சேலையை என் முந்தானையில் போட்டுவிட்டார். கடைப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். நாத்தனார் முகம் செத்துப்போயிற்று. தம்பி பெண்சாதிக்குச் செய்த சீர் என்று காட்டிக்கொண்டு பணத்தைக் கட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

எனக்கு வெற்றி என்று நினைக்காதீர்கள். லாட்ஜுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் கிணற்றடிக்குப் போனவர் வெகுநேரம் மேலே வரவில்லை. நாத்தனார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாயங்காலம்தான் எழுந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

"பொன்னாத்தா, புள்ளைய படிக்க வேணாம்னு நான் ஒரு நாளும் சொல்லல. படிச்சு டீச்சராயிட்டு வந்து, ஏர் ஓட்டுறவன கட்டுவாளா? அத மட்டும் சொல்லு."

அவருக்குச் சொத்தாசையோ அதிகாரமோ இல்லை, பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகனை ஒருத்தி படிப்பைக் காட்டித் தள்ளிவிடுவாளோ என்ற பயம். கட்டமாட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கட்டுவாள் என்றும் சொல்ல முடியவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. இரண்டு பேரும் மீனாளின் பெட்டியில் சாமான்களை அடுக்கினோம். சோப்புப்பெட்டியைத் துணிக்குள் சுற்றி வைக்கும்படி அவர் சொன்னார், வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஜட்கா வைத்துக்கொண்டோம். லாட்ஜிலிருந்து விடுதி ஒன்றேகால் மைல். வண்டிக்காரர் எட்டணா கேட்டார், கொடுக்கலாம், பெட்டியை அவரே இறக்கி வைத்தார். வாசலில் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் நின்றன. எல்லாத் தாய்மார்களும் அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அழுதது மீனாளின் அப்பாதான். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மீனாள் உள்ளே போகத் திரும்பினாள். நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆத்தா, ஒனக்கு என் மவன புடிக்கலையா?"

மீனாள் அவரை நேராகப் பார்த்தாள். "புடிக்கும் அயித்தை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் நிறுத்தவில்லை. "படிப்பும் புடிக்கும். ரெண்டு வருசம் கழிச்சு வந்து கேளுங்க. ஆத்தாகிட்ட கேக்காதீங்க, அப்பாகிட்ட கேக்காதீங்க, எங்கிட்ட கேளுங்க."

சொல்லிவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். கோபம் என்று சொல்ல மாட்டேன். பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இன்னொரு புதுப் பெண் பிடிக்க, உள்ளே போய்விட்டாள்.

நாத்தனாரும் நானும் திரும்பி வரும்போது ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். அறந்தாங்கியில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார்.

போகப்போகிறவர்களுக்கு இனி நாலு வார்த்தை. முகூர்த்த மாதத்தில் சத்திரத்தை நம்பாதீர்கள். பாய் தலையணை சந்தையில், பெட்டி வாளி கடைவீதியில். வெள்ளைச் சேலைக்குச் சாயம் போகாத கரையாகப் பார்த்து எடுங்கள், கடையிலேயே ஒரு மூலையை நனைத்துப் பார்க்க விடுவார்கள். விடுதியில் பார்க்க விடும் நேரம் ஞாயிறு மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை. தின்பண்டம் கொண்டுபோகலாம், சோறு கூடாது. இன்னும் ஒன்று. இந்த இரண்டு நாளும் பெட்டிக் கடைக்காரரை, லாட்ஜ்காரரை, வண்டிக்காரரை, முகம் தெரியாத எத்தனையோ பேரை நாங்கள் வாய் ஓயாமல் விசாரித்தோம். போகிற பிள்ளையை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் புறப்படுவதற்கு முன்னால் வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.