துப்புக்கூலி

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். பயமில்லாத சீமை என்பார்கள். துணிமணியைப் பாறைமேல் போட்டுவிட்டுக் குளித்து வந்தால் போட்டது போட்டபடி இருக்கிறது என்பார்கள். இப்போது நான் குமாஸ்தாவாக இருக்கிற ஆபீசிலும் மேலதிகாரி ஒருவர் போன வாரம் கேட்டார்: "உங்க ஊர்ப் பக்கம் களவே கிடையாதாமே?" ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அன்றைக்குப் பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. ஏன் ஆட்டினேன் என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் இலஞ்சிக்குக் கீழே அறுபது வீடு உள்ள சிற்றூர். பூட்டு இருந்த வீடு இரண்டோ மூன்றோதான். அப்போது போலீஸ் புத்தகத்தில் எங்கள் ஊர்க் களவு என்று ஒரு வரிகூடக் கிடையாது. அது பொய்யில்லை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு சோடி, மூன்று சோடி உழவுமாடு தொழுவத்திலிருந்து காணாமல் போகும். போன மாடு திரும்பியும் வரும்.

மாட்டைப் பறிகொடுத்தவன் போலீசிடம் போவதில்லை. பிண்ணாக்குக் கடை அண்ணாச்சியிடம் போவான். அண்ணாச்சிக்கு எட்டூர் மாட்டையும் தெரியும். "விசாரிக்கேன்" என்பார். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு தொகை சொல்லுவார். அதைக் கொடுத்தால், இன்ன இடத்தில் போய்ப் பார் என்பார். போய்ப் பார்த்தால் மாடு ஒரு மரத்தில் கட்டிக் கிடக்கும். அந்தத் தொகைக்குத் துப்புக்கூலி என்று பெயர். துப்புச் சொன்னதற்குக் கூலி. அண்ணாச்சியைத் திருடர் என்று யாரும் சொன்னதில்லை. களவு என்கிற வார்த்தையே யார் வாயிலும் வராது. 'மாடு மேயப் போயிருக்கு' என்பார்கள். அவ்வளவுதான்.

எங்கள் மாடு மேயப் போனது நான் பதினொன்றாம் வகுப்புத் தேறிய வருஷம், வைகாசிக் கடைசியில். ஒன்று மயிலை, ஒன்று செவலை. காலையில் தொழுவத்தில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அழவில்லை. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மலைமேல் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

"சாரல் விழ எட்டு நாளோ பத்து நாளோ" என்றார்.

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் உழுத வயல் எங்களுடையதல்ல. தென்காசியில் இருந்த ஒரு பெரிய வீட்டாருடையது. விளைந்ததில் பங்கு கொடுக்கிற வாரம். கால்வாயில் தண்ணீர் வந்த அன்றைக்கு ஏர் பூட்டாதவனுக்கு அந்த வயல் இல்லை, மாடு வைத்திருக்கிற வேறு ஆளுக்குப் போய்விடும். தண்ணீருக்கு முன்னால் மாடு வந்தாக வேண்டும்.

அதற்கு இன்னொரு கெடுவும் இருந்தது. அப்போது செங்கோட்டை மலையாளச் சர்க்காரில் இருந்தது. தென்காசியிலிருந்து நடந்தால் இரண்டு மணி நேரம். அங்கே வேறு சர்க்கார், வேறு போலீஸ். ஒரு வாரத்துக்குள் பேச்சு முடியாத மாட்டை அந்த எல்லையைத் தாண்டி ஓட்டி, ஆரியங்காவு வழியாக மலை ஏற்றிவிடுவார்கள். ஏறின மாடு அறுப்புக்குத்தான்.

அப்பா அண்ணாச்சியிடம் போனபோது நானும் கூடப் போனேன்.

"என்னவே, முகம் வாடிக் கிடக்கு?"

"மாடு மேயப் போயிருக்கு, அண்ணாச்சி."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"சோடி பிரியாமப் போயிருக்கே, அந்த மட்டுக்கும் நல்லது." சிரித்தார். "நான் எங்கன போய்க் கேக்க? சரி, விசாரிக்கேன். வீட்டுல பொம்பளைய அழ வேண்டாம்னு சொல்லும்."

மூன்றாம் நாள் தொகை வந்தது. ஒரு மாட்டு விலையில் பாதிக்கு மேல். அம்மா காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றினாள். அதன் கனத்திலேயே வளர்ந்த காது, தோள்வரைக்கும் வெறுமையாகத் தொங்கியது. அப்பா அதைத் துண்டில் முடிந்துகொண்டு, கடையத்தில் தெரிந்த ஆசாரியிடம் விற்றுவரப் புறப்பட்டார். திரும்ப இரண்டு நாளாகும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். சர்க்கார், சட்டம், குடிமக்கள் கடமை எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். திருடினவனுக்கே கூலி கொடுத்து மாட்டை வாங்குவதா? ஊர் தெரியாமல் செய்கிறது, தெரிந்த நானும் பார்த்துக்கொண்டிருந்தால் படித்ததற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து புகார் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவது தடவை எழுதினேன். உண்மையை எழுதினால் முழுசாக எழுத வேண்டும் என்று, இன்ன கடைக்காரர் இன்ன தொகை கேட்டார் என்று அண்ணாச்சியின் பெயரையும் சேர்த்து எழுதினேன். மறுநாள் காலையில் அம்மாவிடம் சர்ட்டிபிகேட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஏட்டையா காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"யாருலே எழுதினது?"

"நான்தான், சார்."

"முத்து முத்தா இருக்கு. எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"பதினொண்ணு பாஸ்."

"ஏலே தம்பி, காணாமப் போச்சுன்னு எழுதிக் கொடு. நாலு பேரை விட்டுப் பாக்கச் சொல்லுதேன். களவுன்னு எதுக்கு? அதுலயும் ஆள் பேரைப் போட்டு?"

"களவுதானே, சார்?"

"உங்கப்பா எங்க?"

"வெளியூர் போயிருக்காவ."

"அவரு வரட்டும்."

நான் எழுந்திருக்கவில்லை. "புகார் கொடுத்தா வாங்கணும்னு சட்டம் இருக்கு, சார்" என்றேன். அவர் காகிதத்தை விட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. இரக்கம் என்று இப்போது தெரிகிறது.

"இருக்கு, இருக்கு" என்று புத்தகத்தை இழுத்துப் போட்டார். "எனக்குத் தெரிய உங்க ஊருக்கு இதுதான் முதல் களவு, தம்பி."

நம்பர் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

அன்று மத்தியானமே அண்ணாச்சியைக் கூப்பிட்டு விட்டார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. கொஞ்ச நேரம் பெஞ்சியில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் வந்து கடையைத் திறந்துவிட்டார். மறுநாள் காலையில் அப்பா கடையத்திலிருந்து வந்தவர், வீட்டுக்குள் நுழையாமல் நேரே கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே போனேன்.

அண்ணாச்சி பிண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்துட்டேன், அண்ணாச்சி."

"எதை?"

"நீங்க சொன்னதை."

"நான் என்னவே சொன்னேன்?"

அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாடு..."

"மாடா? என்ன மாடு?" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தம்பியக் கேளும். அவரு எழுத்துல போட்டுட்டாருலா. வாயால சொன்னதுன்னா வாயால மாத்திக்கிடலாம். எழுத்துல போனதை நான் எப்பிடி அழிக்க?"

என்னை ஒரு பெரிய மனிதர் 'அவரு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"என்னலே சொல்லுதாரு?" என்றார் அப்பா.

சொன்னேன். அங்கேயே, கடைக்கு வந்தவர்கள் முன்னால் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பணம் முடிந்த துண்டை அப்படியே தராசுத் தட்டில் வைத்தார். "அவன் சின்னப்பய, அண்ணாச்சி. தெரியாமச் செஞ்சிட்டான்."

"தெரியாமயா? பதினொண்ணு படிச்சவராச்சே." அண்ணாச்சி முடிச்சை விரல் நுனியால் எடுத்து அப்பா கையில் வைத்தார். "எடும்வே. தராசு சாயுது."

அதற்குப் பிறகு அப்பா ஒவ்வொரு காலையும் கடைக்கு எதிரே போய் நின்றார். அண்ணாச்சி, "வெயில்ல நிக்காதீரும், இங்கன நிழலுக்கு வாரும்" என்று அன்பாகவே சொல்லுவார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். புகாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"திருப்பி வாங்கணும்னா பொய்ப் புகார்னு எழுதணும்" என்றார் ஏட்டையா. "எழுதினா உன் மேல கேசு வரும்."

"வரட்டும், சார். எழுதுதேன். காகிதம் கொடுங்க."

"எழுதிட்டா மாடு வந்துருமாலே?"

அவரே, "நம்பர் விழுந்துட்டுப்பா" என்று சொல்லிவிட்டு வேறு காகிதத்தை எடுத்தார்.

ஆறாம் நாள் செங்கோட்டைக்கு நடந்தேன். அங்கிருந்த போலீஸ்காரர் என் சீட்டைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இது மதராஸ் கேஸ் அல்லே? பராதி அவிடெத்தன்னெ பறயணும்" என்றார். புகாரை அங்கேயே போய்ச் சொல் என்கிறார் என்று புரிந்தது. நான் கைகூப்பியது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே எழுந்து போய்விட்டார். மேற்கே போகிற ரோட்டில் ஒரு மந்தை போய்க்கொண்டிருந்தது. கிழடும் நொண்டியுமாக ஐம்பது அறுபது உருப்படி. நடுநடுவே நல்ல மாடுகளும் இருந்தன. நான் ஓரமாகவே ஓடி ஓடி ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தேன். "மயிலே, செவலே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"என்ன தம்பி, பொண்டாட்டியத் தேடுதியா?" என்றான் மாடு ஓட்டினவன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு செவலை மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தது. அது எங்களுடையதல்ல. அதையும் எந்த வீட்டிலோ அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று தென்காசி ரோட்டில் வண்டியும் பஸ்ஸும் போயின. எங்கள் கால்வாயில் செந்தண்ணீர் வந்தது. அப்பா ஒரு நாள் உழவுக்கு இரவல் மாடு கேட்டு வீடு வீடாகப் போனார். தொழுவத்தில் மாட்டை வைத்துக்கொண்டே இல்லை என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் உள்ளதைச் சொன்னார்:

"உங்களுக்குத் தந்தா நாளைக்கு எங்க மாடும் மேயப் போயிரும்லா. கோவிச்சுக்காதிய. போலீஸ் வராம இருந்த ஊரு இது."

இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தென்காசி வீட்டாரின் காரியஸ்தர் வயலைக் கீழத்தெருக்காரர் ஒருவருக்கு மாற்றிவிட்டார். அந்தத் துண்டு முடிச்சுப் பணம் அரிசிக்குப் போயிற்று. கீழத்தெருக்காரருக்கு அந்த வயலின் மேடு பள்ளம் தெரியாது. அதனால் அப்பாவையே கூலிக்கு வைத்து உழச் சொன்னார். அப்பா போனார். வேறொருவர் மாட்டுக்குப் பின்னால் அதே வயலில் உழுதார். நான் கஞ்சி கொண்டு போனால், "கரையிலயே வச்சிட்டுப் போலே. சட்டைல சேறு படும்" என்பார். கோபமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் அவர் விட்டுவிடவில்லை. சர்க்கார் தேடுகிறது என்று ஒரு நம்பிக்கையை யாரிடமிருந்தோ பிடித்துக்கொண்டார். அனேகமாக என்னிடமிருந்துதான். கார் போகத்து அறுப்பு முடிந்து, அடுத்த போகமான பிசான நடவுக்குள் மாடு கிடைத்துவிட்டால் வயலைத் திரும்பக் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "நம்பர் இருக்குல்லா?" என்று கேட்பார். "இருக்குப்பா" என்பேன்.

புரட்டாசியில் ஸ்டேஷனிலிருந்து ஒரு காகிதம் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அம்மாவும் அப்பாவும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்டுபிடிக்க வழியில்லாததால் வழக்கு முடிக்கப்படுகிறது என்று இருந்தது.

"என்னலே போட்டிருக்கு?"

"தேடுதாங்களாம்" என்றேன்.

மறுநாள் அப்பா வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு தென்காசிக்குப் புறப்பட்டார். சர்க்காரே மாட்டைத் தேடுகிறது, பிசானத்துக்கு வயலை எனக்கு வைத்திருங்கள் என்று காரியஸ்தரிடம் சொல்லப் போகிறார் என்று அம்மா சொன்னாள். அவள் முகத்தில் அத்தனை நாள் இல்லாத தெளிச்சி. நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கால்வாய்ப் பாலத்தில்தான் பிடித்தேன்.

"அப்பா, போகாதீய. தேடலை. முடிச்சிட்டாங்க."

"நேத்து தேடுதாங்கன்னியேலே."

"பொய் சொல்லிட்டேன்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். "படி" என்றார். தமிழில் சொன்னேன். "அப்படி இல்ல. அதுல இருக்கபடி படி" என்றார்.

இங்கிலீஷிலேயே வாசித்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார். பெரிய மனிதர்கள் முன்னால் அப்படித்தான் நிற்பார்.

"கேக்கதுக்கு அப்படித் தோணலையேலே" என்றார். "நல்லாத்தானே இருக்கு."

பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தென்காசிப் பக்கமே நடந்தார். அங்கே போய் என்ன கேட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிசானத்துக்கும் அந்த வயலை அவர் கூலிக்குத்தான் உழுதார்.