டியூப் லைட்டில் பெண் பார்த்த சாயங்காலம்

இன்னைக்கு அருப்புக்கோட்டையில லைட்டு வாங்கப் போனோம், நானும் அக்காவும்.

கடைக்காரத் தம்பி ரிமோட்டை அமுக்கி அமுக்கிக் காட்டுனாரு. மஞ்சள், வெள்ளை, நீலம். "மனசு சரியில்லைன்னா இந்தக் கலரைப் போடுங்க, மூடே மாறிரும்."

எழுபதுகள்ல பரளச்சியில நாங்க இருந்த வீடு ஞாபகம் வந்துருச்சு.

திருச்சுழியிலேருந்து அக்காவைப் பொண்ணு பாக்க வாராகன்னதும் அப்பா ஒரு டியூப் லைட்டு வாங்கிட்டு வந்தாரு. அந்த வெளிச்சத்துல கறுத்த பொண்ணும் செவப்பாத் தெரியும்னு யாரோ சொல்லியிருக்காக. வீட்டுல இருந்த ஒரே குண்டு பல்பையும் கழட்டிட்டு அதை மாட்டுனாரு.

சாயங்காலம் கிணத்து மோட்டாரெல்லாம் ஓடுற நேரம், லோ வோல்டேஜ். இருட்டு வீட்டுக்குள்ள அக்கா காபித் தட்டோட நிக்கிறா. லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, எரிய மாட்டேங்குது. அப்பா ஸ்டூல்ல ஏறி ஸ்டார்ட்டரைத் திருகிக்கிட்டே இருக்காரு.

மாப்பிள்ளையோட அம்மா சொன்னாக: "பொண்ணைக் கொஞ்சம் வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க."

வாசல்ல இன்னும் வெயில் இருந்துச்சு. நல்லாப் பாத்தாக. "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்"னாக.

அவுகளும் போடலை. அதுக்கப்புறம் வந்து பாத்தவுக யாரும் போடலை. எழுபது வயசு தாண்டியும் அக்கா என்கூடத்தான் இருக்கா.

கடையில அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "போட்டதும் எரியுமா தம்பி?"

வீட்டுல மாட்டியாச்சு. போட்டதும் எரிஞ்சுச்சு. "கண்ணு கூசுது"ன்னு அக்கா எந்திரிச்சுப் போயி அமத்திட்டு உக்காந்திருக்கா.

யாருக்காவது மூடு மாறியிருந்தா, எந்தக் கலருன்னு சொல்லுங்க.