பத்துக் கட்டை எட்டும் இடக்கை

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் விமலநாதன் மாஸ்டரிடமே கேட்டுப் பார்க்கலாம். அவர் இடக்கையை மெதுவாகக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

1963, ஒக்டோபர் மாதம். மாஸ்டர் சனிக்கிழமைகளில் கண்டி வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் பியானோ வாசிப்பார். எட்டு வருடமாகத் தனி ஆளாக வாசித்தார், சனம் எழும்பி ஆடியது. கைதட்டல் முழுவதும் தன் வலக்கைக்கே என்று நம்பினார். வாசிக்கும்போது அவருக்குத் தன் வலக்கையைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கேட்காது. வாரநாட்களில் வீடு வீடாகப் போய்ப் பியானோ படிப்பித்தார். பிள்ளைகளில் அநேகர் பியானோவை மா இடிப்பதுபோல இடித்தார்கள். கட்டுகஸ்தோட்டையில் இருந்த பதினொரு வயதுத் திரேசா மட்டும் வாசித்தாள். டிசம்பரில் அவளுக்குப் பரீட்சை. அவள் நல்ல புள்ளி எடுத்தால், ‘விமலநாதன் மாஸ்டர் உருவாக்கிய பிள்ளை’ என்று கண்டி முழுக்கப் பேசும். அந்தப் பேச்சுக்காக அவர் பதினைந்து வருடம் காத்திருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. ஜாஸில் இடக்கை நன்றாக விரியவேண்டும். வரிசையாகப் பத்து வெள்ளைக் கட்டைகளில் முதலாவதையும் பத்தாவதையும் ஒரே அடியில் அடிக்கவேண்டும். மாஸ்டரின் கைக்கு ஒன்பதுதான் எட்டும், அதுவும் வலியோடு. பத்து எட்டுகிற ஆட்கள் இலங்கையில் யார் யார் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக வெறுத்தார்.

3ஆம் திகதி, வியாழன். மாலை 4.10. திரேசா வீட்டுப் படலையில் கைவைத்தார். உள்ளே பியானோ சத்தம். இடக்கை... டும், டும்... பத்துக் கட்டை. ஒன்றன்பின் ஒன்றாக உருட்டாமல், ஒரே அடியாக. யாரோ அனாயாசமாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனார். திரேசா மட்டும் இருந்தாள். அவளுடைய கைக்கு ஏழு கட்டை எட்டினாலே பெரிய விசயம்.

“ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?”

“மற்ற சேர்.”

“எந்த மற்ற சேர்?”

“பேர் கேக்கேல்லை, சேர்.”

மாஸ்டருக்குப் பயம் வரவில்லை. பற்றி எரிந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு மாஸ்டர் வைத்துவிட்டு ஒருவரிடமிருந்து மற்றவரை மறைக்கிற தாய்மாரை அவர் நிறையக் கண்டிருக்கிறார். குசினிக்குப் போய்ச் சமைத்துக்கொண்டிருந்த தாய் செசிலியாவைப் பிடித்தார்.

“உங்களை விட்டா இஞ்ச வேற மாஸ்டர் ஆரும் வாறேல்லையே” என்றாள் அவள்.

“அப்ப நான் கேட்டது என்ன, றேடியோவோ?”

“றேடியோ பழுதாகி ரெண்டு மாசம், மாஸ்டர்.”

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளையை உருவாக்கிய பெயரை இன்னொருவன் தட்டிக்கொண்டு போகப் போகிறான். அதுவும் நீண்ட கைக்காரன்.

10ஆம் திகதி, வியாழன். 3.40க்கே வந்து, எதிர்ப்பக்கத்து வேலியோடு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை. ஒருவரும் படலைக்குள் போகவில்லை. வாசற்படியில் திரேசாவின் செருப்பு மட்டும் கிடந்தது.

3.52. டும், டும்...

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார்.

திரேசாவின் வலக்கை கட்டைகளில் இருந்தது. இடக்கையில் ஒரு பிஸ்கட்.

இடப்பக்கக் கட்டைகள் தாமாகவே அமிழ்ந்துகொண்டிருந்தன. ஒன்றும் பத்தும்... ஒன்றும் பத்தும்...

கண்டி ஈரத்தில் கட்டைகள் ஊறிப் பருக்காமல் இருக்க, பியானோவின் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும். அடி இடுக்கால் அதன் வெளிச்சம் நிலத்தில் விழும். அந்த வெளிச்சத்தில் திரேசாவின் இரண்டு கால்களின் நிழல். அதற்கு இடப்பக்கத்தில்...

இன்னும் இரண்டு.

 மாஸ்டரின் கண் அப்போதும் கட்டைகளை எண்ணியது. பதினொன்று. இப்போது பதினொரு கட்டை. அதை அவரால் தாங்கமுடியவில்லை.

“எழும்பு” என்றார். “இது என்ர பிள்ளை. இனி நான் இருக்கிற இடத்தில நீ இருக்கப்படாது.”

சத்தம் நின்றது.

அவள் இருந்த வாங்கு கிறீச்சிட்டது.

நிலத்தில் இரண்டு நிழல்கள் மட்டும் மிஞ்சின.

அவருடைய தோளை உரசிக்கொண்டு ஏதோ குளிராகப் போனது... 3.58.

திரேசா பிஸ்கட்டைக் கடித்தாள். “உங்களை ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போறார், சேர்.”

சனிக்கிழமை, 12ஆம் திகதி. ஹோட்டலில் 7.30க்கு வாசிக்கத் தொடங்கினார். ஒருவரும் ஆட எழும்பவில்லை. இரண்டாவது பாட்டுக்கும் எழும்பவில்லை. ஒரு கிழவர் எழும்பினார், கழிவறைக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக மாஸ்டர் தன் இடக்கையைக் கேட்டார். அது மெலிந்து, வெறும் எலும்பாக ஒலித்தது.

8.15. மடவளையில் இருந்து வேலைக்கு வரும் வெயிட்டர் ஹபீல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“என்ன மாஸ்டர், ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“எந்த ரெண்டு பேர்?”

“பகிடி வுடாதீங்க. எட்டு வருஷமா ஒங்கட எடப்பக்கம் குந்தி வாசிக்கிறாரே, அந்த நீளக் கை மாஸ்டர். சனம் ஆடுறதே அவர்ட கைக்குத்தானே.”

மாஸ்டர் கட்டைகளில் இருந்து கையை எடுத்தார்.

“ஏழு மணிக்கு வந்தார்” என்றார் ஹபீல். “வாசல்லயே நின்டார். உள்ளுக்கு வாங்க எண்டேன். நீங்க ஈக்கிற எடத்துக்கு இனி வரமாட்டாராம்.”

மாஸ்டர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“எங்க போறன் எண்டு... சொன்னவரோ?”

“கட்டுகஸ்தோட்டைக்காம்” என்றார் ஹபீல். “அங்க ஒரு புள்ளைக்கி இனி நீங்க இல்லாத நாள் எல்லாம் பாடமாம்.”