அப்பா ஒரு சொல்லும் விடவில்லை

என் அப்பாவை நாய் கடித்ததே இல்லை. ஆனால் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, காதில் மாட்டியிருந்த கருவிக்குள் அவருடைய குரல் மிகுந்த வருத்தத்தோடு இப்படிச் சொன்னதை நான் கேட்டேன்: "தவிசாளர் அவர்களே, இந்த வருடத்தில் மட்டும் கட்டாக்காலி நாய்கள் என்னை இரண்டு தரம் கடித்துவிட்டன. இந்தச் சபை இன்னும் எதற்காகக் காத்திருக்கிறது?"

திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்து மூலையில், முன்பு விளக்குமாறும் வாளியும் வைக்கிற இடத்துக்குக் கண்ணாடி போட்டு ஒரு கூடு ஆக்கியிருந்தார்கள். அதற்குள் அப்பா கடிபட்ட அடையாளம் ஒன்றும் இல்லாமல் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். அப்பாவுக்கு அதற்குத் தெற்கே போனால் வருகிற ஒரு சிறிய நகரசபையில் உரைபெயர்ப்பாளர் வேலை. பெயர் எதற்கு? வீதிவிளக்கு, குப்பை, நாய், கழிவுத் தண்ணீர்க் கான் என்று எல்லா நகரசபையும் பேசுவது ஒன்றைத்தான். சிங்களத்தில் பேசுவது தமிழ் உறுப்பினர்களுக்கும் உடனே விளங்கவேண்டும் என்று எந்த வெளிநாடோ மனமிரங்கி அந்தக் காதுக்கருவிகளைக் கொடுத்திருந்தது. சபையில் தமிழ் உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் சிங்களவரைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார். கருவியை மாட்டிக்கொண்டு நித்திரை கொள்வார். மற்றவருக்குக் காது மந்தம். இந்த இருவருக்காகவும் அப்பா சங்கக்கடை அரிசி நிறுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

உரைபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாதாம். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அப்பா இதை வீட்டிலும் விடமாட்டார். "அம்மா உங்களைச் சாப்பிட வரட்டாம்" என்று நான் போய்ச் சொன்னால், "அப்பிடியே சொன்னவ?" என்று கேட்பார். அம்மா உண்மையில் சொன்னது, "அந்த மனுசனை வந்து திண்டு துலைக்கச் சொல்லு" என்பது. அதை அப்படியே சொன்னால்தான் கதிரையை விட்டு எழும்புவார்.

அன்று பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக். என்னை விட்டுப்போக ஆளில்லாததால் அப்பா தன்னோடு கூட்டிவந்து, பொதுமக்கள் இருக்கிற வாங்கில் உட்காரவைத்து, மிஞ்சிக் கிடந்த ஒரு கருவியையும் காதில் மாட்டிவிட்டார். அந்த வாங்கில் அன்று சில கடைக்காரர்களும் இருந்தார்கள். எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நாய்க்குப் பிறகு சந்தை மலசலகூடம் வந்தது. அதற்குப் பிறகு அப்பா, "மூன்று பிள்ளைகளைப் பெற்ற தாய் நான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "மழை பெய்தால் என் சமையலறைக்குள் கான் தண்ணீர் வருகிறது. பிள்ளைகளைத் தூக்கி மேசையில் இருத்திவைக்கிறேன். கானுக்கு மேலே கட்டியிருக்கிற கடைகளை எடுக்காமல் அந்தக் கானை எப்படித் துப்புரவாக்குவது?"

நியாயமான கேள்விதான். இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பெண்ணில் எனக்குக் கோபம் வரவில்லை. கானுக்கு மேலே நான்கு கடைகள் இருந்தன. ஒழுங்கை முனையில் இருந்த நான்காவது கடை என் மாமாவுடையது.

மாமா அம்மாவின் ஒரேயொரு தம்பி. போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே விட்டபிறகு, ஒரு பையோடு கொழும்புக்கு வந்தவர். வன்னியில் அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. அவர்களைப்பற்றி அவரிடம் கேட்கக்கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தா. வந்து ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அந்தக் கடை கிடைத்த பிறகுதான் சவரம் செய்யத் தொடங்கினார். பலகை அடித்த சின்னக் கடை. பத்திரிகை, வெற்றிலை, சிகரட், போன் கார்ட். அவருக்குத் தெரிந்த சிங்களம் விலை சொல்லவும் மீதி கொடுக்கவும் காணும், அதற்கு மேல் இல்லை. இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில். அம்மா அவருக்குச் சோறு போடும்போது முகமே வேறு மாதிரி இருக்கும்.

கூட்டத்துக்கு முந்தின கிழமை மாமா புறக்கோட்டையில் பழைய கண்ணாடி அலுமாரி ஒன்று வாங்கினார். பிஸ்கட்டும் பணிசும் வைத்து விற்கப்போவதாகச் சொல்லி, சின்னப்பிள்ளை மாதிரி சந்தோசப்பட்டார். லொறியிலிருந்து இறக்க அப்பாவும் போனார். ஒரு பக்கத்தை மாமா பிடிக்க, மற்றப் பக்கத்தை அப்பா பிடித்தார். அன்று அப்பா வாயே திறக்கவில்லை. பாரமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தோம்.

சபையில் தவிசாளர் கடைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் வாங்கிலிருந்து ஒருவர் எழும்பிக் கையைக் கூப்பி என்னவோ சொன்னார். அப்பாவின் குரல், "பஸ் நிலையத்துக்குப் பின்னால் கட்டுகிற புதிய கடைகளில் ஒன்றைத் தந்தால் நான் விலகுகிறேன்" என்றது. கொடுப்பதாகத் தீர்மானித்தார்கள். அடுத்தவருக்கும், அதற்கடுத்தவருக்கும் அப்படியே. பிறகு தவிசாளர் நான்காவது கடை என்றார். ஒருவரும் எழும்பவில்லை. அவர் திரும்பவும் கூப்பிட்டார்.

கருவிக்குள் சத்தமே இல்லை. பழுதாகிவிட்டது என்று நினைத்து நான் அதைத் தட்டிப்பார்த்தேன். காது மந்தமான உறுப்பினரும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரல் வந்தது. "நான்காவது கடை. பத்திரிகைக் கடை. ஆள் வரவில்லை. ஆட்சேபம் எதுவும் இல்லாதபடியால் அகற்றுவதென்று தீர்மானிக்கப்படுகிறது. அடுத்த விடயம், வீதிவிளக்கு."

மாமாவின் கடை! கண்ணாடிக் கூட்டைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. வீதிவிளக்கு பற்றிக் கடைசிவரை அழகாகச் சொன்னார்.

இரவு மாமா சாப்பிட வந்ததும் அப்பாவே சொல்வார் என்று நான் அம்மாவுக்கும் சொல்லவில்லை. மாமா வந்தார், கை கழுவினார், தட்டுக்கு முன்னால் இருந்தார். அப்பா பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, உங்கட கடையை உடைக்கப் போயினம். மற்ற எல்லாருக்கும் புதுக்கடை குடுத்தவை. நீங்கள் ஏன் வரேல்லை?" என்று கேட்டேன். கேட்டது பிழையென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. ஒருவராவது அந்த மனிதரிடம் சொல்லத்தானே வேண்டும்!

மாமா அப்பாவைப் பார்த்தார். "அத்தான், நீங்கள் இதை எப்ப அறிஞ்சனீங்கள்?"

"போன கிழமை" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பிறகு அப்பா விளக்கம் சொன்னார். நிகழ்ச்சி நிரல் தமிழில் போடுவதற்காக முன்கூட்டியே தன் கைக்கு வருமாம். கூட்டத்துக்கு முன் அதில் உள்ளதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்துத்தான் வேலையில் சேர்ந்தாராம். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்களாம், சட்டத்துக்கு அது போதுமாம். அந்தக் கந்தோரில் தமிழாள் தான் ஒருவர்தானாம். ஒரு சொல் வெளியே போனாலும் முதலில் தன்னைத்தான் பார்ப்பார்களாம். அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. மற்ற மூன்று கடைக்காரருக்கும் பியூனும் சாரதியும் தேநீர் குடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார்கள் என்பதும் உண்மை. அந்தச் சபையில் ஒழுங்கைக் காப்பாற்றியது என் அப்பா ஒருவர்தான்.

மாமா சண்டை பிடிக்கவில்லை. பிசைந்த சோற்றை மெல்லத் தட்டிலேயே விட்டுவிட்டு, அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கினார். அம்மா அன்றிலிருந்து அப்பாவோடு கதைப்பதை விட்டா. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவா. கூப்பிடக்கூட என்னை அனுப்பவில்லை. தவிசாளரைக் கண்டு கதைத்துப்பார்க்க அப்பா போனார். தீர்மானம் தீர்மானம்தான் என்று சொல்லிவிட்டார்களாம்.

கடையை எடுக்கிற அன்று அப்பா லீவு போட்டார். சபை ஆட்களோடு கதைக்க மாமாவுக்குச் சிங்களம் காணாது, தான் நிற்கவேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாரை மீன் பொரியல் எல்லாம் வைத்து ஒரு பார்சல் கட்டி என் கையில் தந்தா. "தம்பியைச் சாப்பிடச் சொல்லு" என்றா.

நாங்கள் போகும்போது மாமா பத்திரிகைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ட்ராக்டரும் அலவாங்குகளோடு சில தொழிலாளரும் நின்றார்கள். மேற்பார்வையாளர் வயதான சிங்கள மனிதர், நல்ல மாதிரி. சாமானெல்லாம் எடுத்து முடியும்வரை ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். அப்பாவைக் கண்டதும் அவருக்குப் பெரிய ஆறுதல். சபைதான் உரைபெயர்க்க அனுப்பியிருக்கிறது என்று நினைத்துவிட்டார். அப்பா இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

மற்றவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்ததே, நீ ஏன் அன்றைக்கு வரவில்லை என்று மேற்பார்வையாளர் கேட்டார். அப்பா அதை அப்படியே தமிழில் கேட்டார். மாமா அப்பாவைப் பார்க்காமல் அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அப்பா அதைச் சிங்களத்தில் சொன்னார். சபையில் உனக்குத் தெரிந்தவர் ஒருவருமே இல்லையா என்று மேற்பார்வையாளர் திரும்பக் கேட்டார்.

மாமா கையில் இருந்த பத்திரிகையை மடித்து முடித்தார்.

"இருந்தவர். என்ர அக்காவின்ர புருசன். அவருக்கு முதலே தெரியும். இந்த அலுமாரியை நான் கொண்டுவரேக்க மற்றப் பக்கத்தைப் பிடிச்சதும் அவர்தான்."

அப்பா சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். தெருவிலும் பள்ளிக்கூட வானிலும் கேட்டுக்கேட்டு எனக்கும் கொஞ்சம் சிங்களம் விளங்கும். 'மகே அக்காகே மஹத்தயா', என் அக்காவின் புருசன், என்றார். அலுமாரியையும் சொன்னார். காதுக்கருவிக்குள் கேட்ட அதே குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடைசியில் அது நான்தான் என்று சொல்லுவார் என்று நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் சூள் கொட்டினார். மாமாவை மிகவும் இரக்கத்தோடு பார்த்து என்னவோ சொன்னார். அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அவனெல்லாம் ஒரு மனுசனோ?" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "காணும் அத்தான்" என்றார். அத்தான் என்ற சொல்லுக்கு அர்த்தம் மேற்பார்வையாளருக்குத் தெரியாது. அவர் ஆட்களைக் கூப்பிடப் போனார்.

அப்பா பயந்துதான் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளவில்லை என்று அன்று நினைத்தேன். அவரோடு நிற்கவே வெட்கமாக இருந்தது.

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கிராண்ட்பாஸில் ஒரு அறை எடுத்து, புறக்கோட்டையில் யாரோ ஒருவருடைய மொத்தக் கடையில் சம்பளத்துக்கு நின்றார். அம்மா அவரைக் கோயிலில் கண்டு கதைத்துவிட்டு வந்து அழுவா. தாடி வளர்த்துவிட்டானாம் என்பா. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர், வாசலோடு நின்றுவிட்டுப் போனார்.

கடையை எடுத்த அன்றைக்கு நான் பார்சலை நீட்டியபோது, மாமா என் தலையைத் தடவிவிட்டு அதை அப்பாவின் கையில் வைத்தார். "எனக்கு வேண்டாம். அக்காட்டச் சொல்லிவிடுங்கோ" என்றார்.

நாங்கள் நடந்தே வந்தோம். வெள்ளவத்தைக்குக் கிட்ட வந்ததும் அப்பா தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். பார்சலைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். எனக்கு ஒரு துண்டு மீன் தரும்படி கேட்டேன். "இது மாமாவின்ர" என்றார். பிறகு தானே எல்லாவற்றையும் தின்றார். கத்தரிக்காயையும் விடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. தின்று முடித்து, பேப்பரைக் கசக்கி எறிந்து, கடல் தண்ணீரில் கையைக் கழுவினார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா, இத்தனை நாளும் கதைக்காதவ, நேரே அப்பாவிடமே கேட்டா: "தம்பி சாப்பிட்டவனே?"

"ஓம்" என்றார் அப்பா. "மிச்சம் விடாமச் சாப்பிட்டவர்."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டா. குசினிக்குள் போய், ஒரு தட்டு நிறையச் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து, அப்பாவுக்கு முன்னால் வைத்து, பக்கத்திலேயே இருந்தா. அப்பா அதையும் சாப்பிட்டார். இந்த மனிதருக்கு ஏன் இப்படிப் பசிக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.