நெல் கடித்துப் பார்க்கும் பல்

பல் ஆஸ்பத்திரி வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு முழுக்க நம்முடையதுதான்.

ரயில்வேயில் லேத் ஓட்டி ரிட்டயரான எனக்கு, மன்னார்புரத்தில் ஒரு மாடிமேல் இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜை வேலை கிடைத்தது. உள்ளே சுமதி டாக்டர், அவருக்கு உதவியாக ஸ்டெல்லா, வெளியே நான். டோக்கன் கொடுக்க வேண்டும், தைரியம் கொடுக்க வேண்டும். இரண்டாவது வேலையை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. பல்வலி கண்ட பெருமக்களே, நானும் உங்கள் கட்சிதான். என் வாயில் இடது பக்கம் ஒரு இம்ப்ளான்ட், வலது பக்கம் ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல். இரண்டும் சுமதி டாக்டர் கைவேலை.

இருபது நிமிஷ பிரஷ்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமா வந்தார். காபி பட்டால் கூசுகிறது, மோர் பட்டால் கூசுகிறது, கொள்ளிடக் காற்று பட்டால்கூடக் கூசுகிறது என்றார். பல் தேய்க்கிற பழக்கத்தைப் பற்றி டாக்டர் விசாரித்தார். தினம் இருபது நிமிஷமாம், அதுவும் இருப்பதிலேயே கெட்டியான பிரஷ்ஷால். அவர் தேய்க்கிற சத்தம் கேட்டு யாரோ பித்தளைப் பானை துலக்குகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் ஈயம் பூச ஆள் கூட்டி வந்ததாகக் கேள்வி. கேள்வி என்றால், நானே சொல்லி நானே கேட்டது.

அழுத்தித் தேய்த்ததில் ஈறு கீழே இறங்கி, பல்லின் கழுத்து பள்ளமாகியிருந்தது. டாக்டர் பள்ளத்தை அடைத்தார், கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் எழுதினார், மெத்தென்ற பிரஷ்ஷால் இரண்டு நிமிஷம் போதும் என்றார். மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது: "காவேரியிலதான் கரை அரிக்கறதுன்னு நெனச்சேன் ஓய், என் வாயிலயும்னா அரிச்சிருக்கு."

சந்து தெரிந்த கதை

மலைக்கோட்டை பக்கத்து ஜவுளிக்கடையில் வேலை செய்கிற ஒருவருக்கு ஈறில் ரத்தம். கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று யாரோ பயமுறுத்தியதால் பல வருஷம் தள்ளிப்போட்டவர். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே காரை கல்லாக இறுகிக் கிடந்தது. பல்லை ஆட்டுவது அந்தக் காரைதான், எடுத்தால் ஈறு தேறும் என்று டாக்டர் புரியவைத்தார். எடுத்த காரையில் எங்கள் மாடிப்படி ஒன்றைப் பூசினோம் என்று நான் சொல்வதை ஸ்டெல்லா மறுப்பாள், நம்பாதீர்கள்.

மனிதர் வாய் கொப்பளித்தார், நாக்கால் பல் பல்லாகத் துழாவினார், முகம் மலர்ந்தது. "கடைத்தெருவுல ஆக்கிரமிப்பு எடுத்த மாதிரி இருக்குங்க. இப்பத்தான் சந்தே தெரியுது."

பிச்சமுத்துவின் பல்

இனிமேல்தான் விஷயமே. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஒன்றில் பிச்சமுத்து என்று ஒருவர். லாரியில் நெல் வந்தால் ஒரு பிடி அள்ளுவார், உள்ளங்கையில் வைத்துக் கசக்கி உமியை ஊதுவார், ஒரே ஒரு அரிசியை வலது கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். அவர் தலையாட்டினால்தான் மூட்டை இறங்கும்.

அந்தக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து நரம்பு வரை போய்விட்டது. இடது பக்கத்துப் பல்லோ எப்போதோ பிடுங்கியாயிற்று. பத்து நாளாகப் பல்லில் கிராம்பை வைத்துக்கொண்டு, கடிப்பது போலப் பாவனை செய்து, லாரி டிரைவர் முகத்தைப் பார்த்தே ஈரமா காய்ந்ததா என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது லாரி சரி. பத்தாவது டிரைவர் சிரித்த முகக்காரன், நெல் முழுக்க ஈரம். முதலாளி மகன் ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். ஒரு மாசம் பார்ப்பேன், அதற்குள் சரியாக வரவில்லை என்றால் நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டானாம்.

இத்தனையும் அவர் என் மேஜை எதிரில் உட்கார்ந்து சொல்லக் கேட்டபின் சும்மா இருக்க முடியுமா? தைரியம் கொடுத்தேன். பல்லைப் பிடுங்கிவிட்டு எலும்பில் திருகிய என் இம்ப்ளான்ட் இருக்கிறதே, அதைக்கொண்டு நான் தேங்காய் உரித்தது, சோடா திறந்தது, ஒரு தடவை ஸ்பானர் கிடைக்காமல் தண்டவாளத்து போல்ட்டையே கடித்து இறுக்கியது, அதன்மேல் பத்திரமாக எக்ஸ்பிரஸ் போனது, எல்லாம் சொன்னேன். பிச்சமுத்து கண் விரியக் கேட்டார். டோக்கன் கூப்பிட்டதும் நேரே உள்ளே போனார். "டாக்டரம்மா, இந்தப் பல்ல புடுங்கிட்டு, பெரியவருக்கு வச்ச போல்ட்டு ஒண்ணு எனக்கும் வச்சுடுங்க."

நான் உண்மை பேசிய நாள்

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பல் இல்லாத இடத்துக்கு இம்ப்ளான்ட் அருமையான வைத்தியம். ஆனால் நம் சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார் இருக்கிறது. சோற்றில் மணல் கடிபட்டால் சட்டென்று தெரிவது அந்த நாரால்தான். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. ரூட் கேனால் செய்தால், உள்ளே கெட்ட நரம்பு மட்டும் போகும், வேரும் நாரும் அப்படியே நிற்கும்.

பிச்சமுத்து அசையவில்லை. டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, கதையை வாபஸ் வாங்கச் சொன்னார். தேங்காய் பொய், சோடா பொய், போல்ட்டும் பொய் என்று ஒப்புக்கொண்டேன். எழுபத்தோரு வயதில் முதல் தடவையாக வரிசையாக மூன்று உண்மை. அவரோ, டாக்டரம்மா மிரட்டி என்னைச் சொல்லவைப்பதாக எனக்காகப் பரிதாபப்பட்டார். நான் விட்ட கதையால் ஒரு மனிதர் காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார், கூடவே பிழைப்பையும்.

அப்போதுதான் அவர் சட்டைப்பை கண்ணில் பட்டது. மில்லுக்காரர் பையில் நெல் இல்லாமலா? இரண்டு பொட்டலம், ஒன்று காய்ந்தது, ஒன்று ஈரம். என் கண்ணைக் கட்டச் சொன்னேன். அவர் உமி ஊதி அரிசியை நீட்ட, முதலில் இம்ப்ளான்ட் பக்கம் கடித்தேன். காய்ந்தது என்றேன், ஈரம். ஈரம் என்றேன், காய்ந்தது. அடுத்து வலது பக்கத்து ரூட் கேனால் பல். ஐந்து அரிசி, ஐந்தும் சரி. ஆறாவதைக் கடித்து, இது பாதி காய்ந்தது என்றேன். பிச்சமுத்து ஈரப் பொட்டலத்திலிருந்து எடுத்த அந்த அரிசியின் மிச்சத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓரம் காய்ந்துதான் இருந்தது, நாற்காலியில் சாய்ந்தார், வாயைத் திறந்தார். கண்கட்டை அவிழ்த்தபடி ஸ்டெல்லா சொன்னாள்: "சார், உங்க வாயில வலது பக்கம் மட்டும்தான் உண்மை பேசுது."

மெஷினும் மனுஷனும்

பிச்சமுத்து மூன்று தடவை வந்தார். மரப்பு ஊசி போட்ட பிறகு வலியே இல்லை, நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அவர் குறட்டையில் என் மேஜை டோக்கனெல்லாம் கதவு வரை நகர்ந்து போயின. கடைசியில் கேப் போட்டு, உமியோடு கடிக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு அரிசிதான் என்று டாக்டர் கட்டளை போட்டார்.

ஒரு மாசக் கெடு முடிகிற அன்று பிச்சமுத்து என்னையும் மில்லுக்கு வரச் சொன்னார். லாரி நின்றது. முதலாளி மகன் மேல் மூட்டையில் நெல் எடுத்து மெஷினில் போட்டான், காய்ந்தது என்று காட்டியது. பிச்சமுத்து அதே நெல்லில் ஓர் அரிசியைக் கடித்தார். டக்கென்ற அந்தச் சத்தத்துக்கு என் நெஞ்சு துள்ளியது. ஆனால் அவர் தலையாட்டவில்லை. நடு வரிசையிலிருந்து ஒரு மூட்டையை உருவச் சொல்லி, அதிலும் ஒன்று கடித்தார். சத்தமே இல்லை. பையன் அந்த நெல்லையும் மெஷினில் போட்டான். ஈரம். டிரைவர் வானத்தைப் பார்த்தான்.

பையன் மெஷினைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே, இரண்டு பேரும் சேர்ந்தே பாருங்கள் அண்ணே, நீங்கள் காட்டுகிற மூட்டையில் நான் மெஷின் வைக்கிறேன் என்றான். பிச்சமுத்து நாக்கால் கேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார்: "அதுக்கு பேட்டரி தீந்தா நீ கடைக்குப் போ தம்பி, எனக்குத் தீந்தா நான் மன்னார்புரம் போறேன். மத்தபடி ரெண்டு பேருக்கும் சண்டையில்ல."

ஆகவே பல்வலிக்காரப் பெருமக்களே, பல்லைப் பிடுங்குவதா காப்பதா என்பதை டாக்டரிடம் மட்டும் கேளுங்கள், டோக்கன் கொடுக்கிறவனிடம் டோக்கனை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.