கூட்டுக்குள் வைத்த சந்தனம்

மருமகனின் லேத் பட்டறை திருச்செங்கோட்டுக்கு வெளியே, போர் போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் சாலையில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்க்கும் கேமராவுக்கு உறை செய்வது அவர் தொழில். நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஓமலூர் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வந்து இருக்கிறேன். பட்டறையில் எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் தினமும் போய் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கடலுக்குள் மூழ்கிப் படம் எடுப்பவர்கள் கேமராவை ஹவுசிங் என்ற தண்ணீர் புகாத கூட்டுக்குள் வைத்துத்தான் கொண்டுபோகிறார்கள். கேமரா கம்பெனிகள் புது மாடல் விடும்போதெல்லாம் பொத்தான்கள் ஒரு நெல் அகலம் நகர்ந்துவிடும். பழைய கூடு பொருந்தாது. கூடு செய்கிற வெளிநாட்டுக்காரர்களும் புது மாடலின் பின்னால் போய்விடுவார்கள். பழைய கேமராவை நல்லபடியாக வைத்திருப்பவன் கூட்டுக்கு எங்கே போவான்?

"நம்மகிட்டத்தான் வருவாங்க மாமா" என்றார் மருமகன்.

ஒரு பழைய மாடலுக்கு அலுமினியத்தில் கடைந்து ஒன்று செய்தார். திருகு பதினாறு, பொத்தான் ஒன்பது, மூடிக்கு ரப்பர் வளையம் ஒன்று. கேமராவுக்குப் பதில் டிஷ்யூ காகிதத்தை உள்ளே வைத்து, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நாற்பதடி ஆழத்துக்கு இறக்கி அரை மணி நேரம் வைத்தோம். அடிக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டது நான். பதினோரு முறை இறக்கினோம். பதினோரு முறையும் காகிதம் காய்ந்தே வந்தது.

பாண்டிச்சேரியில் கடலில் மூழ்கப் பயிற்சி கொடுக்கிறவர் ஒருவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். அவரிடம் அதே மாடல் கேமரா ஆறு இருந்தது. கூடு அவர் கண்முன் காய்ந்து வந்தால் ஆறுக்கும் ஆர்டர். அதை நம்பி மருமகன் இரண்டு ரிக்காரர்களின் வேலையைத் தள்ளிப்போட்டிருந்தார்.

எங்கள் பக்கம் புது இயந்திரம் எதுவும் பொட்டு வைக்காமல் வேலைக்குப் போகாது. அவர் வரும் நாள் காலை மகள் சந்தனம் குழைத்துக் கொடுத்து, "அப்பா, ஒரு பொட்டு வெச்சிருங்க" என்றாள். வெளியே வைத்தால் தண்ணீரில் கரைந்து முன்கண்ணாடியில் படியுமே என்று எனக்குக் கவலை. கூடு திறந்து கிடந்தது. மூடியின் உள்பக்கம் ஓரமாக வைத்துவிட்டேன். வந்தவரை அழைத்துவந்த மருமகன் பேச்சோடு பேச்சாகக் காகிதத்தைப் போட்டு மூடித் திருகினார்.

பன்னிரண்டாம் முறை தூக்கித் திறந்தால் காகிதம் சொதசொதவென்று இருந்தது.

"நல்லவேளை, என் கேமராவ வைக்கல" என்று வந்தவர் பையைத் தோளில் மாட்டினார். "வளையம் உக்கார்ற காடிய சரியா கடையலன்னு நெனைக்கிறேன்."

"காடி சரியாத்தானுங்க இருக்குது" என்றார் மருமகன். வளையத்தைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் மணல் பருமனுக்கு ஒரு மஞ்சள் துகள் ஒட்டியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். தண்ணீர் புக அந்த இடுக்கு போதும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவர் கைவேலையின் மேல் விழும்.

"அது சந்தனமுங்க. நாந்தான் வெச்சேன், மூடிக்கு உள்ள."

"உள்ளயா?" வந்தவர் பையை இறக்கினார். "எங்க படகுக்கும் பொட்டு வைப்போம் பெரியவரே. மூக்குல வைப்போம். இன்ஜினுக்குள்ள வைக்கமாட்டோம்."

"ஏனுங்க மாமா, ஊர்ல இருக்கற அத்தனையும் எண்ணிச் சொல்றீங்க, இத ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்றார் மருமகன்.

வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. தொடச்சிட்டு இன்னொரு தரம் எறக்குங்க."

நாற்பது முடிச்சு, முப்பது நிமிடம். நான் கிணற்று மேட்டைவிட்டு நகரவில்லை. காகிதத்தை எடுத்து அவர் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. கூட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கடலில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பேச்சு. இருபத்து மூன்றாம் நாள் போன் வந்தது, மீதி ஐந்தும் வேண்டுமென்று.

இப்போது சந்தனம் அட்டைப்பெட்டிக்கு மேலே வைக்கப்படுகிறது, மகள்தான் வைக்கிறாள். ஒவ்வொரு மூடியையும் திருகுவதற்கு முன் மருமகன் என் பக்கம் திரும்பி, "மாமா, கை" என்கிறார். இரண்டு கைகளையும் நீட்டுகிறேன். பத்து விரலையும் பார்த்த பிறகுதான் முதல் திருகை எடுக்கிறார்.